கடைசி கீமோவுக்குப் பிறகு

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்தது, இனி மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லும் நாளில் வீடே மகிழ்கிறது. சிகிச்சை பெற்றவருக்கு மட்டும் அந்த மகிழ்ச்சி பல சமயம் ஒட்டுவதில்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ அவருடைய நாட்களை மருத்துவமனைதான் நடத்திக்கொண்டிருந்தது. எந்தக் கிழமை ரத்தம் கொடுப்பது, எந்தக் கிழமை மருந்து ஏற்றுவது, எத்தனை நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். காய்ச்சல் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெரிந்திருந்தது. பக்கத்துப் படுக்கையில் அதே மருந்து ஏறிக்கொண்டிருந்தவர் பேச்சுத்துணையாக இருந்தார். இவை அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. பயப்படக்கூட நேரமில்லாமல் ஓடிய மனத்துக்கு அப்போதுதான் பயப்பட நேரம் கிடைக்கிறது. சிகிச்சையின்போது வராத அழுகையும் எரிச்சலும் தூக்கமின்மையும் அது முடிந்த பிறகு வருவது இதனால்தான்.

1985-ல் ஃபிட்ஸ்ஹியூ முல்லன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தக் காலத்தைப் பற்றி நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் எழுதினார். அவரே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். குணமானவர், ஆகாதவர் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டு, பிழைத்து வாழ்வதை மூன்று பருவங்களாக அவர் பார்த்தார். சிகிச்சை நடக்கும் பருவம் முதலாவது. சிகிச்சை முடிந்து, நோய் திரும்புமோ என்ற அச்சம் ஆளும் பருவம் இரண்டாவது. அந்த அபாயம் வெகுவாகக் குறைந்து வாழ்க்கை நிலைபெறுவது மூன்றாவது. மருத்துவமனைகள் முதல் பருவத்துக்காகக் கட்டப்பட்டவை. இரண்டாவது பருவத்தில் நோயாளி பெரும்பாலும் தன் வீட்டாரோடு தனித்து விடப்படுகிறார்.

தமிழ்நாட்டில் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. புற்றுநோயிலிருந்து பிழைத்தவர் எப்படி வாழ்வார் என்பதற்கு ஊரார் மனத்தில் ஒரு சித்திரமே இல்லை. 1982-ல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’, ‘வாழ்வே மாயம்’ இரண்டிலும் நோய் வந்த நாயகன் கடைசியில் இறக்கிறான். ஒரு தலைமுறைக்குப் புற்றுநோய் என்றால் அதுதான். (இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் நோயாளி பிழைத்துக்கொள்கிறார், உயிர் விடுபவர் மருத்துவர். அந்தப் பகுதி ஏனோ மக்கள் நினைவில் ஒட்டவில்லை.) முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் தொடங்கப்பட்ட பிறகு, ‘அடையாறுக்குப் போறாங்களாம்’ என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாலே எல்லோருக்கும் விளங்கியது. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வந்து பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள். அதை யாரும் குரல் உயர்த்திச் சொல்லவில்லை.

உடலில் காரணம் இருக்கிறதா?

சோர்வும் வெறுமையும் வந்தவுடன் எல்லாவற்றையும் மனத்தின் தலையில் சுமத்திவிடக் கூடாது. சிகிச்சை விட்டுச்சென்ற உடல் மாற்றங்கள் மனச்சோர்வைப் போலவே தோன்றும். சில சமயம் மனச்சோர்வையே உண்டாக்கும். இவற்றில் பல எளிய பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தில் சரியாகிவிடும்.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்காகக் கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களிடம் தைராய்டு சுரப்பி மெல்ல மெல்லச் செயலிழப்பது மிகச் சாதாரணம். சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பிறகோ சில ஆண்டுகளுக்குப் பிறகோ இது நேரலாம். எதிலும் பிடிப்பின்மை, எப்போதும் தூக்கக் கலக்கம், உடல் கனப்பது, மலச்சிக்கல் என்றுதான் அது வெளிப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் ஆண்டுக்கு ஒருமுறை, டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை செய்தால் கண்டுபிடித்துவிடலாம். இரைப்பையை அகற்றியவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, சோர்வும் கால் மரமரப்பும் மறதியும் வரும். இதற்கு ஊசி உண்டு. கீமோவால் ரத்தசோகை நீடித்திருக்கலாம். மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நள்ளிரவில் உடல் குப்பென்று சூடாகி வியர்த்துத் தூக்கம் கலையும். வாரக்கணக்கில் தூங்காதவர் மனத்தெம்போடு இருக்க முடியாது. கீமோவோடு கொடுக்கப்படும் டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள்கூட மனநிலையை ஏற்றி இறக்கும்.

ஆகவே அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது ‘டயர்டா இருக்கு டாக்டர்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதில் பயனில்லை. மருத்துவர் அதை நூறு பேரிடம் கேட்டிருப்பார். எப்போதிலிருந்து, நாளின் எந்த நேரத்தில், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. ‘மாடி ஏறினால் நடுவில் உட்கார வேண்டியிருக்கிறது’ என்பது மருத்துவர் பிடித்துக்கொள்ளக்கூடிய தகவல்.

இந்தச் சோர்வு ஓய்வெடுத்தால் தீராத வகை. வீட்டார் அன்பினால் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருப்பது அதை நீட்டிக்கவே செய்கிறது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேர நடை போன்ற பயிற்சி, முடிந்தால் இரண்டு நாள் லேசான தசைப் பயிற்சி என்பதைப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2019-ல் பரிந்துரைத்தது. களைப்பு, பதற்றம், மனச்சோர்வு மூன்றுக்கும் அது பயன் தருவதாக ஆதாரங்கள் உள்ளன. முதல் வாரத்தில் தெருமுனை வரை போய் வந்தாலே போதும். எலும்புக்கு நோய் பரவியவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். பழைய தெம்பு திரும்பப் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். இதை வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது மருத்துவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் ‘ட்ரீட்மெண்ட்தான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?’ என்ற கேள்வி குறையும்.

மறுபடி வந்துவிடுமோ

சிகிச்சைக்குப் பின் வரும் அச்சங்களில் இதுவே பெரியது, ஏறக்குறைய எல்லோருக்கும் வருவது. சாதாரணத் தலைவலி மூளைக்குப் பரவியதாகத் தோன்றும். தண்ணீர்க் குடம் தூக்கியதால் வந்த முதுகுவலி எலும்புக்குப் போனதாகத் தோன்றும். ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தூக்கம் கெட்டு, வீட்டில் சின்ன விஷயங்களுக்குச் சண்டை வரும். ஸ்கேன் மேசையில் படுத்திருக்கும்போது கருவியை நகர்த்துபவர் ஓரிடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டால், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் பெரும்பாலும் அளவெடுத்துக்கொண்டோ பெயரைத் தட்டச்சு செய்துகொண்டோ இருப்பார்.

இந்தப் பயத்தை முழுதாக ஒழிப்பது நடக்காத காரியம். அதற்கு ஒரு எல்லை கட்டலாம். எல்லை கட்ட உதவுவது தகவல். சிகிச்சை முடியும் நாளிலேயே மருத்துவரிடம் மூன்று கேள்விகளுக்குப் பதில் வாங்கிவிட வேண்டும். தன்னுடைய வகைப் புற்றுநோய் திரும்பினால் எந்த அறிகுறிகளோடு திரும்பும்? அப்படி ஏதாவது தெரிந்தால், அடுத்த ரிவ்யூ வரை காத்திராமல் யாரை, எந்த எண்ணில் அழைக்க வேண்டும்? எந்தப் பரிசோதனை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை? பெரும்பாலான புற்றுநோய்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் பார்ப்பது வழக்கம். நோயின் பெயர், நிலை, செய்த அறுவை, ஏற்றிய மருந்துகள், கதிர்வீச்சு கொடுத்த இடம், இனிச் சாப்பிட வேண்டிய மாத்திரை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து வேறு ஊர் மருத்துவரிடம் போனாலும் உதவும். பல் பிடுங்கப் போகும்போதுகூட உதவும்: தாடையில் கதிர்வீச்சு பெற்றவர் அதைச் சொல்லாமல் பல் எடுத்தால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு.

புதிதாக ஒரு வலியோ உபாதையோ தெரிந்தால், மருத்துவர் உடனே வரச் சொன்ன அறிகுறிகள் தவிர மற்றவற்றைத் தேதியோடு குறித்து வைத்து இரண்டு வாரம் பார்ப்பது ஒரு நடைமுறை வழி. தானாகக் குறைந்தால் சரி. குறையாவிட்டாலோ கூடினாலோ அழைக்க வேண்டும். இந்த வழி இருக்கிறது என்று தெரிந்திருப்பதே நடுராத்திரியில் கைபேசியை எடுத்துத் தேடுவதைக் குறைக்கிறது.

‘எதுக்கும் ஒரு ஃபுல் பாடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே’ என்று பிள்ளைகள் வற்புறுத்துவதும் உண்டு. ஆரம்பநிலை மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு, ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் தவிர பெட் ஸ்கேனும் ட்யூமர் மார்க்கர் பரிசோதனைகளும் வழக்கமாகச் செய்யத் தேவையில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். அவை ஆயுளைக் கூட்டுவதில்லை. ஒன்றுமில்லாத ஒரு புள்ளியைக் காட்டி அடுத்த மூன்று மாதத் தூக்கத்தைக் கெடுக்கின்றன. மற்ற வகைகளுக்கு அட்டவணை வேறு. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

உளவியலாளர்கள் கற்றுத்தரும் ஒரு பயிற்சி வீட்டிலேயே செய்யக்கூடியது. தினமும் மாலையில் இருபது நிமிடத்தைக் கவலைக்கென்றே ஒதுக்கி, அந்த நேரத்தில் பயங்களை ஒவ்வொன்றாக எழுதுவது. பகலில் பயம் தலைதூக்கும்போது ‘இதை ஆறு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடுவது. கேட்க விளையாட்டாக இருக்கும். கவலைப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிடுவதைவிட இது பலருக்குப் பலிக்கிறது.

யாரிடம் எதைக் கேட்பது

துணை தேடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை, எல்லாத் துணையும் ஒரே ஆளிடம் கிடைக்கும் என்று நம்புவது. பெரும்பாலும் அந்த ஆள் கணவர் அல்லது மனைவி. அவரே சமைக்க வேண்டும், பணம் திரட்ட வேண்டும், மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும், அழும்போது கேட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். ஒருவரால் இத்தனையும் முடியாது. நன்றாக ஓடியாடி உதவும் தம்பிக்கு அழுகையைக் கண்டால் கைகால் ஓடாது. உட்கார்ந்து கேட்கத் தெரிந்த பள்ளித்தோழிக்கு மருத்துவமனை வரிசையில் நிற்கத் தெரியாது. எதை யாரிடம் கேட்பது என்று பிரித்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும்.

கேட்பதையும் பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது. ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க’ என்று எல்லோரும் சொல்வார்கள், ‘சரி’ என்று எல்லோரும் தலையாட்டுவார்கள், அதோடு முடிந்துவிடும். ‘அண்ணி, வியாழக்கிழமை எனக்கு செக்கப். சின்னவனை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்து ராத்திரி வரைக்கும் உங்க வீட்ல வெச்சுக்க முடியுமா?’ என்று கேட்டால் வேலை நடக்கிறது. கேட்கப்பட்டவருக்கும் தான் உண்மையில் உதவிய நிறைவு கிடைக்கிறது.

மனம்விட்டுப் பேசுவதற்கு வீட்டில் பெரிய தடை ‘தைரியமா இரு’ என்ற சொல்தான். சொல்பவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். கேட்பவருக்கோ, இனி இதைப் பற்றிப் பேசாதே என்று வாயடைத்தது போல் ஆகிவிடுகிறது. ‘நீங்க பதில் ஒண்ணும் சொல்ல வேண்டாம்ங்க, பத்து நிமிஷம் கேட்டா மட்டும் போதும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினால், எதிரில் இருப்பவருக்கும் தீர்வு சொல்ல வேண்டிய பாரம் இறங்கும். குழந்தைகளிடம் மறைப்பது பயனற்றது; அவர்கள் கதவுக்குப் பின்னால் நின்று பாதியைக் கேட்டு மீதியைக் கற்பனை செய்துகொள்கிறார்கள். அம்மாவுக்குப் புற்றுநோய் வந்தது, சிகிச்சை முடிந்தது, இன்னும் களைப்பு இருக்கிறது, இது யார் செய்த தப்பாலும் வந்ததல்ல, தொட்டால் ஒட்டாது என்ற அளவில் வயதுக்கேற்பச் சொல்வது நல்லது.

பார்க்க வருபவர்கள் தனி அத்தியாயத்துக்கு உரியவர்கள். ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து, ‘எவ்வளவு செலவாச்சு?’ என்று தொடங்கி, இதே நோயில் போய்ச்சேர்ந்த தங்கள் ஒன்றுவிட்ட மாமாவின் கதையில் முடிப்பார்கள். நடுவில் முள்சீத்தாப் பழம், ஏதோ ஓர் ஊரின் மூலிகைப் பொடி, சர்க்கரையை அறவே விடுவது என்று வைத்தியங்களும் வரும். இவற்றில் எதுவும் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. சில மூலிகைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையோடு மோதும். வாதாடி ஜெயிப்பது நோயாளியின் வேலையல்ல. ‘சரிங்க சித்தி, டாக்டரைக் கேட்டுட்டுச் சாப்பிடுறேன்’ என்ற ஒரே பதில் எல்லா வைத்தியத்துக்கும் போதும். வரவே வேண்டாம் என்று நினைக்கும் நாளில், தொலைபேசியை எடுத்து ‘அவங்க தூங்குறாங்க’ என்று சொல்ல வீட்டில் ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். தலைமுடி முளைக்கும் வரை பெண்களுக்கு வெளியே போகக் கூச்சம் இருக்கும். நோயைப் பற்றி விளக்க விருப்பமில்லாதவர்கள் சமயபுரத்துக்கோ திருப்பதிக்கோ நேர்ந்துகொண்டதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மொட்டைத்தலைக்கு அந்த ஒரு வசதி இருக்கிறது.

தனித்தட்டு, தனி டம்ளர் வைப்பதும், வளைகாப்புக்குக் கூப்பிடாமல் விடுவதும் இன்னும் நடக்கின்றன. புற்றுநோய் உணவாலோ தொடுதலாலோ பரவாது. மகளுக்கு வரன் பார்க்கும் வீட்டில் தாயின் நோயை மறைக்கச் சொல்லும் உறவினர்களுக்குத் தெரிய வேண்டியது: பெற்றோரிடமிருந்து வரும் மரபணு மாற்றத்தால் உண்டாகும் புற்றுநோய்கள் மொத்தத்தில் 5 முதல் 10 விழுக்காடுதான். குடும்பத்தில் பலருக்கு, அதிலும் இளவயதில், வந்திருந்தால் மரபணு ஆலோசனை பெறலாம்.

அதே நோயிலிருந்து மீண்டவர்கள்

குடும்பத்தாரால் கொடுக்க முடியாத ஒன்றை இவர்கள் கொடுக்கிறார்கள். குரல்வளை அகற்றப்பட்டவர் முதன்முதலாக வீட்டுக்கு வரும்போது, கழுத்துத் துளையைத் துண்டால் மூடிக்கொண்டு, எழுதிக் காட்டியே பேச வேண்டியிருக்கிறது. இனிப் பேசவே முடியாதோ என்ற துக்கத்தை எந்த ஆறுதலும் தீர்ப்பதில்லை. அதே அறுவை செய்துகொண்டு, செயற்கைக் குரல் வால்வின் உதவியாலோ தொண்டையில் வைத்துப் பேசும் அதிர்வுக் கருவியாலோ உணவுக்குழாய் வழியே காற்றை எழுப்பிப் பேசும் முறையாலோ பேசும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து ‘சாப்டீங்களா?’ என்று கேட்டால் அந்தத் துக்கம் பாதி இறங்கும். வயிற்றில் மலம் சேரும் கொலஸ்டமி பை வைத்திருப்பவருக்கு, பையோடு எப்படி பஸ்ஸில் போவது, வாடை வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, கல்யாண வீட்டில் எப்போது சாப்பிடுவது என்பதை மருத்துவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் பை வைத்திருக்கும் இன்னொருவர்தான்.

இவர்களைச் சந்திக்க எளிய வழி, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமோ செவிலியரிடமோ ‘இதே அறுவை செய்த, இப்போது நன்றாக இருக்கும் யாராவது என்னிடம் பேச ஒத்துக்கொள்வார்களா?’ என்று கேட்பது. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் மீண்டவர்களின் கூட்டங்கள் நடக்கின்றன. சேர்வதற்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. மருந்தோ சத்துமாவோ விற்கப்படும் இடம், சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் இடம், அழ இடம் தராமல் வெற்றிக்கதைகளை மட்டும் சொல்ல வைக்கும் இடம் ஆகியவற்றை விட்டு விலகிவிட வேண்டும். ஒருவருடைய நோய் நிலையை இன்னொருவரோடு ஒப்பிடுவதும் பயன்தராது. ஒரே உறுப்பில் வந்த புற்றுநோயிலேயே பல வகைகள் உண்டு. கூட்டத்துக்குப் போய் வந்த இரவுகளில் பயம் கூடுகிறது என்றால் போகாமல் இருப்பதில் தவறில்லை. கூட்டம் எல்லோருக்கும் ஒத்துவராது.

மனநல ஆலோசகர்

புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே உளப்புற்றியல் என்ற தனித்துறை வளர்ந்திருக்கிறது. நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் 1977-ல் மனநலப் பிரிவைத் தொடங்கிய ஜிம்மி ஹாலண்ட் இதன் முன்னோடி. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் இதற்கெனத் துறை இருக்கிறது. அப்படித் துறை இல்லாத ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள மனநலப் பிரிவுகளில் கட்டணமின்றிப் பார்த்துக்கொள்ளலாம். மனநலப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடும் என்ற கூச்சம் பலரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. கால் மரத்துப்போனால் நரம்பு மருத்துவரைப் பார்ப்பவர், தூக்கம் போனால் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

முதல் சந்திப்பில் ஆலோசகர் பெரும்பாலும் கேட்கத்தான் செய்வார். பூஜ்ஜியம் முதல் பத்து வரை குறித்த தெர்மாமீட்டர் படம் ஒன்றைக் காட்டி, கடந்த ஒரு வாரத்தில் மன உளைச்சல் எந்த அளவு என்று கேட்பது பரவலான வழக்கம். நான்கோ அதற்கு மேலோ என்றால் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று பொருள். பிறகு உளைச்சல் பணத்தாலா, வலியாலா, குடும்பத்தாலா என்று பிரித்துப் பார்ப்பார். சிலருக்கு ஐந்தாறு சந்திப்புகளே போதும். சிலருக்கு மாத்திரையும் வேண்டியிருக்கும். அப்போது ஏற்கெனவே சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் காட்டியாக வேண்டும். ஃப்ளூஆக்ஸிடின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் உடலில் டமாக்ஸிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் ஹார்மோன் மாத்திரை செயல்படும் வடிவத்துக்கு மாறுவதைக் குறைப்பவை. அப்படிக் குறைக்காத வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

கணவன் மனைவிக்கு இடையில்

தாம்பத்தியத்தைப் பற்றி நோயாளி கேட்க மாட்டார், மருத்துவர் சொல்ல மாட்டார். விளைவாக, ஒரே வீட்டில் இருவர் ஆளுக்கொரு காரணத்தைக் கற்பனை செய்துகொண்டு தள்ளித் தள்ளிப் படுக்கிறார்கள். ‘என் உடம்பு அவருக்குப் பிடிக்கவில்லை’ என்று மனைவி நினைக்க, ‘தொட்டால் வலிக்குமோ’ என்று கணவர் ஒதுங்கியிருப்பார். பல வீடுகளில் உண்மை இரண்டாவதுதான்.

உடலுறவால் புற்றுநோய் தொற்றாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பு வறண்டு சுருங்கும். நீர் கலந்த வழுக்குக் களிம்பும், சுருங்காமல் காக்கும் டைலேட்டர் என்ற கருவியும் உண்டு. அந்தக் கருவி தாம்பத்தியத்துக்காக மட்டுமானதல்ல. பின்னாளில் மருத்துவர் உள்ளே பார்த்துப் பரிசோதிக்கவும் அது வழி வைக்கிறது. புராஸ்டேட் அறுவைக்குப் பிறகு ஆண்களுக்கு வரும் விறைப்புக் குறைபாட்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. டமாக்ஸிஃபென் சாப்பிடும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது; குழந்தை வேண்டுமென்றால் எப்போது என்பதை மருத்துவரோடு பேசித் திட்டமிட வேண்டும். கேட்கக் கூச்சமாக இருந்தால், செவிலியரிடம் ‘தனியா ஒரு விஷயம் கேட்கணும் சிஸ்டர்’ என்று தொடங்குவது சுலபம்.

மார்பகம் அகற்றியவர்கள் முதலில் பஞ்சு வைத்த உள்ளாடையும், தழும்பு ஆறிய பிறகு எடையுள்ள சிலிகான் செயற்கை மார்பகமும் பயன்படுத்தலாம். எடை இல்லாவிட்டால் காலப்போக்கில் ஒரு பக்கத் தோள் சாயக்கூடும். வைத்துக்கொள்ளாமலே இருப்பவர்களும் உண்டு. அது அவரவர் விருப்பம்.

வேலை, பணம், உரிமை

எப்போது வேலைக்குத் திரும்புவது என்பதற்குப் பொதுவான கணக்கு இல்லை. முதல் மாதம் அரைநாள், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று தொடங்க முடிந்தால் நல்லது. கீமோவுக்குப் பிறகு சிலருக்கு மறதியும் கவனச் சிதறலும் சில மாதங்கள் இருக்கும். கையோடு ஒரு நோட்டு வைத்துக் குறித்துக்கொள்வதில் வெட்கம் வேண்டியதில்லை. அலுவலகத்தில் எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. மேலாளரிடம் தேவையைச் சொன்னால் போதும்: பாரம் தூக்க முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும் என்பது போல.

பணக்கவலை மனக்கவலையின் பெரும்பகுதி. சிகிச்சையின்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பயன்படுத்தியவர்கள், தொடர் பரிசோதனைகளில் எதற்கு அது செல்லும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சைக்கோ தொடர் பரிசோதனைக்கோ ரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏசி வகுப்புகளில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி உண்டு. உடன் செல்பவருக்கு 75 விழுக்காடு. மருத்துவமனை தரும் சான்றிதழ் உரிய படிவத்தில் இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்துவிட்டதே என்று இதைக் கேட்காமல் விடுபவர்கள் பலர். குரல்வளை அகற்றப்பட்டவர்களின் பேச்சுக் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அவர்கள் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

கவனித்துக்கொண்டவர்

சிகிச்சைக் காலம் முழுவதும் தாங்கிப் பிடித்தவர், அது முடிந்த பிறகு ஓய்ந்துபோவது இயல்பு. நோயாளியை நலம் விசாரிக்க நூறு பேர் வருவார்கள். கவனித்துக்கொண்டவரை ‘நீங்க எப்படி இருக்கீங்க?’ என்று கேட்க ஒருவரும் இருக்க மாட்டார். அவருக்கும் தூக்கம், நடை, மாதம் ஒருநாளாவது வீட்டை விட்டு வெளியே போகும் நேரம் வேண்டும். மேலே சொன்ன ஆலோசனைப் பிரிவுகள் குடும்பத்தாரையும் பார்க்கும்.

உடனடியாக உதவி தேட வேண்டிய நேரம்

வருத்தமும் பயமும் வந்து போவது வேறு, தங்கிவிடுவது வேறு. எதிலும் விருப்பமின்மை, அழுகை, பசியின்மை, தூக்கமின்மை, குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டேன் என்ற எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய நாள்தோறும் இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஹார்மோன் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுவதும், ரிவ்யூவுக்குப் போக மறுப்பதும், புதிதாகக் குடிக்கத் தொடங்குவதும் அதன் வெளிப்பாடுகளாக இருக்கக்கூடும். வீட்டார் இவற்றைப் பிடிவாதம் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ‘நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நிம்மதி’ என்ற பேச்சு வந்தால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்று சொன்னால், அவரைத் தனியே விடாமல், வீட்டில் சேர்ந்திருக்கும் தூக்க மாத்திரை, வலி மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் கைக்கெட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டுமல்ல, அவரைப் பற்றிக் கவலைப்படும் எவரும் அழைக்கலாம்.